சம்பந்தி வெட்டிய பிசிறு

சிங்கம் தூங்குவதைப் பார்க்க என் சம்பந்தி ஆப்பிரிக்கா வரைக்கும் போய்வந்தார்.

போனது போகட்டும், வந்த பிறகு சும்மா இருந்தாரா? ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் என் வீட்டுக்காரியையும் விருந்துக்கு அழைத்து, கறிச்சோறு போட்டு, பாதிச் சுவரை அடைத்துக்கொண்டிருக்கும் டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டார். டிவியில் காய்ந்த புல்வெளி. நடுவில் ஒரு மரம். மரத்தடியில் மஞ்சளாக எதுவோ கிடந்தது.

"அதானுங்க சம்பந்தி, சிங்கம்."

"என்ன பண்ணுதுங்க?"

"தூங்குதுங்க."

"பொறவு?"

"பொறவு வாலை ஆட்டும் பாருங்க. இதா... இப்ப... ஆட்டுச்சுங்களா?"

ஆட்டியது. ஈ ஓட்டியது. எங்கள் ஊர் எருமையும் அதைத்தான் செய்கிறது. அதற்கு யாரும் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு போய் நிற்பதில்லை.

"இதுக்கு எவ்வளவு நேரமுங்க உக்காந்திருந்தீங்க?" என்று கேட்டேன்.

"காத்தால இருந்து பொழுது சாயற வரைக்குமுங்க. வண்டிய உட்டு எறங்கக் கூடாது. கைய வெளிய நீட்டக் கூடாது. பேசக் கூடாது. அத்தன கண்டிசன். காட்டுக்குள்ள ஒரு எலையக்கூடத் தொட உடமாட்டாங்க."

அதோடு நிறுத்தியிருந்தால் நானும் சாப்பிட்ட மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். ஆனால் அவர் பழத்தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "நீங்களும் ஒருக்கா போயிட்டு வாங்க சம்பந்தி. இத்தன வயசாச்சு. மிசின் சத்தத்தைத் தாண்டி என்னத்தக் கண்டீங்க? இயற்கைன்னு ஒண்ணு இருக்குதுல்லீங்களா."

எனக்கு வந்த கோபத்தில் வாயிலிருந்த பலாச்சுளையே கசந்தது.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். சேவூர்ப் பக்கம் வானம் பார்த்த பூமியில் பிறந்து, மழை ஏமாற்றியதில் திருப்பூருக்கு வந்து, பனியன் கம்பெனியில் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலையில் சேர்ந்தவன். இன்றைக்கு நிட்டிங்கும் என்னுடையது, தையலும் என்னுடையது. சரக்கு வாங்க வருகிற, இங்கிலீஷ் பேசும் பையர்கள் என் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபேச்சுப் பேசுவதில்லை. இதெல்லாம் கல்லூரியில் படித்ததால் வந்ததல்ல. எதைக் கண்டாலும் திருப்பிப் பார்த்து, உள்ளே எப்படிப் போட்டிருக்கிறான் என்று பிரித்துப் பார்க்கிற புத்தியால் வந்தது. அந்தப் புத்தி இல்லாதவன் ஆப்பிரிக்கா போனாலும் பக்கத்திலிருக்கும் அனுப்பர்பாளையம் போனாலும் அவனுக்கு எல்லாம் ஒன்றுதான். போய்வந்தேன் என்பான்.

"சம்பந்தி," என்றேன், மரியாதை குறையாமல், "என்ற கம்பெனி காம்பவுண்டுக்குள்ள ஒண்ணு இருக்குதுங்க. அதுக்கு முன்னால உங்க சிங்கம் நிக்காதுங்க. வர ஞாயித்துக்கெழம வந்து பாருங்க."

என் வீட்டுக்காரி என் முழங்கையைக் கிள்ளினாள். சொன்னது சொன்னதுதான்.

என் கம்பெனியின் பின்பக்கம், துணி வெட்டியதில் மிஞ்சும் கட்டிங் வேஸ்ட் மூட்டைகள் அடுக்கியிருக்கும் இடத்தில் ஒரு பாதாம் மரம் இருக்கிறது. யாரும் வைத்ததல்ல. வௌவால் போட்ட கொட்டையில் முளைத்தது. அதன் தாழ்ந்த கிளையில், என் நெஞ்சு உயரத்தில், ஒரு குருவி கூடு தைக்கிறது. கட்டுகிறது என்று சொல்லவில்லை, தைக்கிறது என்கிறேன். என் கட்டைவிரல் அளவு உடம்பு. முதுகு பச்சை, தலை துருப்பிடித்த நிறம், வால் எப்போதும் விறைப்பாக மேலே. உடம்பு அவ்வளவுதான், கத்தினால் ஓவர்லாக் மிசின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்.

அதற்குப் பெயர் தையல்சிட்டு என்று பிறகு தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் குளக்கரையில் மண் நிறச் சட்டை போட்டுக்கொண்டு பைனாகுலரோடு நிற்கும் கூட்டம் ஒன்று இருக்கிறதே, அதில் ஒருவர் சொன்னார். பெயரைச் சொன்னார், அடுத்த பறவைக்குப் போய்விட்டார். "அது எப்படீங்க தைக்குது?" என்று கேட்டேன். "அலகால தைக்குமுங்க," என்றார். அலகால் தைக்காமல் காலால் பெடல் போட்டா தைக்கும்? பெயர் தெரிந்தவுடன் பறவையே தெரிந்துவிட்டதாக அவர்களுக்கு ஒரு நினைப்பு. என் பேரன் படிக்கும் பள்ளிக்கூடம் இன்னும் ஒரு படி மேல். இயற்கையைக் கவனிக்க வேண்டும் என்று பாடம் வைத்து, அதற்குப் பிளாஸ்டிக் வண்ணத்துப்பூச்சி வாங்கிவரச் சொல்லி அனுப்பினார்கள்.

அதற்குமேல் நான் யாரையும் கேட்கவில்லை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

அந்தக் குருவி இரண்டு பாதாம் இலைகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பை மாதிரி ஆக்குகிறது. அலகால் இலை ஓரத்தில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டையில் பஞ்சு இழையைத் திணித்து மறுபக்கம் இழுக்கிறது. அந்தப் பஞ்சும் நூலும் எங்கிருந்து? என் வேஸ்ட் மூட்டையிலிருந்துதான். எனக்கு ஒரு யோசனை வந்தது. காட்டன் வேஸ்ட், பாலியஸ்டர் வேஸ்ட், லைக்ரா கலந்தது என்று தனித்தனியாகச் சுவர்மேல் வைத்தேன். பாலியஸ்டரை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் காறித் துப்புகிற மாதிரி கீழே போட்டது. லைக்ராவின் பக்கமே போகவில்லை. காட்டனை மட்டும் எடுத்தது. டெக்ஸ்டைல் படித்துவிட்டு என்னிடம் வேலைக்கு வருகிற பையன்களுக்குத் துணியை எரித்துப் பார்த்தால்தான் இது தெரிகிறது.

முதலில் அது தைத்த இலை ஒன்று கிழிந்து வீணாகிக் கீழே விழுந்தது. அதை எடுத்து, துணியில் இழை எண்ணுவதற்கு வைத்திருக்கும் மடக்குக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது. அது தையலே இல்லை. நம் தையலில் ஒரே நூல் ஓட்டைக்கு ஓட்டை ஓடும். அடியில் இன்னொரு நூல் வந்து அதைப் பூட்டும். இங்கே ஓட்டைக்கு ஓட்டை தனித்தனி இழை. ஓட்டைக்குள் போகும்போது மெல்லிசாகப் போகிறது. வெளியே வந்ததும் பஞ்சு பொங்கி விரிந்துகொள்கிறது. அந்த விரிந்த கொத்துதான் முடிச்சு. திரும்பி உள்ளே போக முடியாது. ஒன்று அறுந்தாலும் மற்றது நிற்கும். ஓடுகிற தையலாக இருந்தால் ஒன்று பிரிந்ததும் மொத்தமும் பிரிந்துவிடும். எனக்குப் புல்லரித்தது. இத்தனை வருஷம் தையலில் கிடந்து நான் இப்படி ஒன்று யோசித்ததில்லை.

என் வீட்டுக்காரிக்குத் தையல் முக்கியமில்லை, குஞ்சுதான் முக்கியம். போன வருஷம் இதே மரத்தில் கூடு வைத்தது. குஞ்சு பொரித்தபிறகு காக்கை வந்து இலையைக் கிழித்துக் குஞ்சுகளைக் கொண்டுபோய்விட்டது. தாய்க்குருவி அன்று பொழுதுக்கும் கரண்ட் கம்பியில் உட்கார்ந்து கத்தியதைக் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரி சோறு உண்ணவில்லை. "வெறுமனே சேர் போட்டு உக்காந்து வேடிக்க பாத்தீங்களே, ஒரு காக்காய ஓட்டத் தெரியல," என்று அவள் சொன்ன சொல் இன்னும் எனக்குள் கிடக்கிறது. இந்த வருஷம் மறுபடி கூடு தைத்து, விருந்து நடந்த வாரத்தில் பொரித்த மூன்று குஞ்சும் பறந்தாக வேண்டும் என்று நான் மனசுக்குள் முடிவு கட்டியிருந்தேன். மூட்டை எடுக்க வரும் வண்டியைக்கூட அந்தப் பக்கம் விடவில்லை. மகன் முணுமுணுத்தான். முணுமுணுக்கட்டும்.

சொன்ன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வந்தார். வந்த கோலத்தைப் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்காவில் வாங்கிய பச்சைத் தொப்பி, உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த மேல்கோட்டு, கழுத்தில் பைனாகுலர். கட்டிங் வேஸ்ட் மூட்டைக்கு நடுவில் யானை வரும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

"எங்கீங்க சம்பந்தி?"

"உங்க மூக்குக்கு நேரா."

பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். "ஒரே பச்சையாத் தெரியுதுங்க."

"அதக் கழட்டுங்க. கையெட்டற தூரத்துல இருக்கறதுக்கு அது எதுக்குங்க?"

தாய்க்குருவி இரை தேடப் போயிருந்தது. அவரைக் கிட்டே கூட்டிப்போய்க் காட்டினேன். இலைப் பைக்குள் பஞ்சு மெத்தை. அதில் மூன்று குஞ்சு, கண் திறக்காதவை, முடி முளைக்காதவை. அசைவு கேட்டதும் வாயைத் திறந்தன. வாயைத் திறந்தால் தலையைக் காணோம், அவ்வளவு பெரிய வாய்.

"அட!" என்றார் சம்பந்தி.

அந்த 'அட'வைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்தது உண்மைதான். என் மடக்குக் கண்ணாடியையும் காட்டலாம் என்று ஆபீஸ் ரூமுக்குப் போனேன். அது என் தப்பு என்று என் வீட்டுக்காரி இன்றைக்கும் சொல்கிறாள். கண்ணாடி எடுக்கப் போவது ஒரு தப்பா? சம்பந்தியைத் தனியாக விட்டதைச் சொல்கிறாள்.

சம்பந்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவரும் என்னைப்போல அடியிலிருந்து வந்து, இன்றைக்குப் பல கம்பெனி வைத்திருப்பவர்தான், அதில் குறை சொல்லமாட்டேன். சோமனூரில் அவர் அப்பாவுக்குத் தறி. அது ஓடாமல் போய், இவர் இங்கே வந்து பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் பிசிறு வெட்டினார். தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் முனைதான் பிசிறு. அது ஒன்று இருந்தாலும் பையர் பெட்டியையே திருப்பிவிடுவான். அதனால் எங்கள் ஊரில் பிசிறைக் கண்டுவிட்டுச் சும்மா போகிற கை கிடையாது. சம்பந்தியின் சாவிக்கொத்தில் இன்றைக்கும் நூல் வெட்டுகிற குட்டி டிரிம்மர் தொங்குகிறது. தன் மகள் கல்யாணத்தில், தாலி கட்டப் போகிற நேரத்தில், என் மகன் சட்டைக் காலரில் நீட்டிக்கொண்டிருந்த நூலை வெட்டிய மனிதர் அவர். ஐயரே மந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

நான் கண்ணாடியோடு திரும்பி வரும்போது அவர் டிரிம்மரை மூடிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு திருப்தி.

"எல்லாம் அழகாத் தெச்சிருக்குதுங்க சம்பந்தி. பினிசிங்தான் இல்ல. ஒரே பிசிறு. வெட்டி உட்டுட்டனுங்க."

கூட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு பக்கத்து ஓரம் முழுக்க, வெளியே பொங்கி நின்ற பஞ்சுக் கொத்துகளை ஒட்ட நறுக்கியிருந்தார். செக்கிங்கில் அவர் கெட்டிக்காரர்தான், ஒன்று விடவில்லை. முடிச்சே அதுதான். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் இழை ஓட்டைக்குள் நழுவியது. பிறகு அடுத்தது. பாதாம் இலை விறைப்பான இலை. பிடி விட்டதும் மெல்ல நிமிர்ந்து பழைய நிலைக்குப் போகத் தொடங்கியது. பை வாய் பிளந்தது. பஞ்சு மெத்தை சரிந்து, ஒரு குஞ்சு ஓரத்துக்கு வந்துவிட்டது.

"ஏனுங்க, என்னாச்சுங்க?" என்றார் சம்பந்தி.

"கைய நீட்டக் கூடாதுன்னு அங்க சொன்னாங்கன்னீங்களே. இங்க வந்து எதுக்குங்க நீட்டுனீங்க?"

"பிசிறு இருந்துச்சுங்களே!"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கை செய்த வேலை என்று இப்போது சொல்லலாம். அப்போது எனக்கு அவரைப் பாதாம் மரத்திலேயே கட்டித் தொங்கவிட வேண்டும்போல் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் காம்பவுண்டுச் சுவரில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து தலையைச் சாய்த்தது.

சம்பந்தி வருகிறார் என்று கம்பெனிக்கு வந்திருந்த என் வீட்டுக்காரி ஓடி வந்தாள். அவள் சம்பந்தியைப் பார்த்த பார்வையில் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். காக்கையைக் கையோங்கி விரட்டிவிட்டு, "வேடிக்க பாக்காதீங்க. தைங்க," என்றாள் என்னிடம்.

சம்பந்தி இலை ஓரங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "பனியன் துணி புடிக்கற மாதிரி இழுத்துப் புடிக்காதீங்க, இது எலை," என்றேன். ஊசியில் நூல் கோத்து ஓரத்தில் இரண்டு தையல் போட்டு மெல்ல இழுத்தேன். இலை 'சர்'ரென்று கிழிந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு மிசினுக்கு நூல் கோக்கிறவன் நான். இரண்டு தையலில் இலையைக் கிழித்தேன்.

"செல்லோடேப் ஒட்டிப்போடலாமுங்களா?" என்றார் சம்பந்தி.

"வாய மூடுங்க சம்பந்தி." கல்யாண உறவில் சொல்லக் கூடாத வார்த்தை. சொல்லிவிட்டேன்.

கிழிந்த இடத்தையே பார்த்தேன். நூல் ஓடினால் எல்லா ஓட்டையையும் சேர்த்து இழுக்கும். இழுத்தால் இலை கிழியும். ஓட்டைக்கு ஒன்று, தனித்தனியாக. இந்தப் பக்கம் ஒரு தலை, அந்தப் பக்கம் ஒரு தலை. இத்தனை நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்ததெல்லாம் அப்போது வேலைக்கு வந்தது. அப்படி இரண்டு தலை வைத்த இழை ஒன்று நம்மிடமே இருக்கிறது.

"பேக்கிங் ரூம்ல டேக் கன் இருக்குது பாரு. ஓடு. இருக்கறதுலயே குட்டப் பின்னாப் பாத்து எடுத்துட்டு வா," என்றேன் வீட்டுக்காரியிடம்.

துணியில் விலை அட்டை மாட்டுகிற கருவி அது. ஊசி போன மறுகணம் பின் என்கிற ஒரு பிளாஸ்டிக் இழை உள்ளே போய், இரண்டு முனையிலும் குறுக்குத் தலையோடு நின்றுகொள்ளும். இழுத்தாலும் வராது. என் வீட்டுக்காரி சாவியோடு ஓடிக் கொண்டுவந்தாள். நான் புது ஓட்டை போடவில்லை. குருவி போட்ட ஓட்டையிலேயே ஊசியை வைத்து அமுக்கினேன். டக். இலை கிழியவில்லை. அடுத்தது. டக். ஒவ்வொரு டக்குக்கும் சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டார், கை மட்டும் அசையவில்லை. அதைப் பாராட்டத்தான் வேண்டும். பை மறுபடி மூடியது. ஓரத்துக்கு வந்த குஞ்சை என் வீட்டுக்காரி சுண்டுவிரலால் உள்ளே தள்ளினாள்.

"இனி வாங்க இந்தப் பக்கம்," என்று இருவரையும் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார வைத்தேன்.

தாய் வருமா என்பதுதான் கேள்வி. இலை ஓரத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் மின்னியது. எந்தப் பறவை இதை நம்பும்? சம்பந்தியால் இருக்க முடியவில்லை. காலை மாற்றினார், இருமினார். சிங்கத்துக்காகப் பொழுதுக்கும் உட்கார்ந்தவர் இவர்தானா என்று இருந்தது. அவர் போன் அடித்தது. என் வீட்டுக்காரி அதைப் பிடுங்கி முந்தானையில் சுற்றி மடியில் அமுக்கினாள். காக்கை மறுபடி சுவருக்கு வந்தது. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கல்லை எடுத்தாள். அது போய்விட்டது.

"வருமுங்களா சம்பந்தி?" என்றார் மெல்ல.

"பினிசிங் நல்லா இருந்தா வரும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தாய் வந்தது. வாயில் ஒரு பச்சைப் புழு. கிளைக்கு வந்து, இலையைப் பார்த்து, சட்டென்று பின்வாங்கிக் கம்பிக்குப் போய்க் கத்தியது. போன வருஷத்துக் கத்தல். என் வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். குருவி மறுபடி வந்தது. ஒரு பின்னை அலகால் கொத்தி இழுத்துப் பார்த்தது. எங்கள் பையர் யாரும் அப்படி இழுத்துப் பார்த்ததில்லை. பின் அசையவில்லை. உள்ளேயிருந்து மூன்று வாயும் திறந்திருக்க வேண்டும், சத்தம் வந்தது. குருவி தலையை உள்ளே விட்டது. வெளியே எடுத்தபோது அலகில் புழு இல்லை.

சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார். பஞ்சு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தால் தூசிதான்.

அதற்குப் பிறகு தினமும் போன். "குஞ்சு என்ன பண்ணுதுங்க? தின்னுதுங்களா? றெக்க மொளச்சிருச்சுங்களா?" என்று கேட்பார். தன் மகளை எங்கள் வீட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்து ஒரு தடவைகூட இப்படிக் கேட்டதில்லை. என் மருமகளே அதைச் சொல்லிச் சிரித்தாள். "எங்கப்பாவுக்கு நான் எலைக்குள்ள பொறந்திருக்கோணும் மாமா," என்றாள்.

குஞ்சுகள் பறக்கிற காலையில் அவர் இருந்தார், அதே பச்சைத் தொப்பியோடு. முதல் குஞ்சு வெளியே வந்து, கிளையில் தடுமாறி, மூட்டைமேல் விழுந்து, அங்கிருந்து சுவருக்குப் போனது. இரண்டாவது அதன் பின்னாலேயே. மூன்றாவது கூட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்றது.

"வா கண்ணு, வா," என்று அதைக் கெஞ்சினார், பல கம்பெனிக்கு முதலாளி.

தாய் கத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் அந்தக் குஞ்சும் கிளம்பி, எங்கள் தலைக்கு மேலே போய், பக்கத்துக் கம்பெனியின் வேப்பமரத்துக்குள் மறைந்தது. சம்பந்தி சிங்கத்துக்குக்கூடக் கைதட்டியிருக்கமாட்டார். இதற்குத் தட்டினார். போட்டோ எடுக்க மறந்துவிட்டார். நல்லதாயிற்று, இல்லாவிட்டால் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை டிவி முன்னால் உட்கார வேண்டியிருக்கும்.

"அடுத்த வருசமும் வருமுங்களா?" என்றார்.

"வந்தா வரும். அதுக்கு டிக்கெட் போட முடியாதுங்க."

காலிக் கூட்டைக் கிட்டே போய்ப் பார்த்தோம். ஒரு பக்கம் என் பின்கள், மறுபக்கம் குருவி போட்ட பஞ்சுக் கொத்துகள், அப்படியே பொங்கி நின்றன. சம்பந்தியின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. சாவிக்கொத்து சத்தம் கேட்டது. டிரிம்மர் வெளியே வந்தது.

என் வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். "இப்ப வேணா வெட்டிக்குங்கண்ணா," என்றாள். "உள்ள ஆருமில்ல."

அவர் ஒரு பஞ்சுக் கொத்தை விரல் நுனியால் இழுத்துப் பார்த்தார். பிறகு டிரிம்மரை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "இருந்துட்டுப் போகட்டுமுங்க," என்றார்.